இடது பக்கத்து வெல்டிங்

சனிக்கிழமை மத்தியானம் வேனுக்கு அடியிலிருந்து முதுகால் நகர்ந்து வெளியே வந்தபோது சீல்காரருக்கு உலகத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு நாள் அவருக்கு அபூர்வம். முப்பத்திரண்டு வருஷம் சரக்குக் கிடங்கு வாசலில் நின்று, உள்ளே வருகிற லாரிக் கதவில் வைத்த முத்திரை சீலையும் வெளியே போகிற லாரியின் சீலையும் இழுத்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். தெருவில் பேரும் அதுவே ஆகிவிட்டது. எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். மழை விட்டுவிட்டது என்று வீட்டுக்காரி சொன்னாலும் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ம் என்பார்.

வேன் பழசு. பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற பட்டை ஸ்பிரிங்கை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற பிராக்கெட், பக்கத்துக்கு ஒன்று, இரண்டும் துரு தின்று பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தன. தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும், கிரீஸ் என்றே தெரு கூப்பிடுகிற மெக்கானிக்கிடம் விட்டால் ஒரு நாள் வேலை. ஆனால் கிரீஸ் ஒரு தடவை சக்கரம் மாட்டிக் கொடுத்தபோது நான்கு நட்டில் ஒன்றைக் கையால் திருகியதோடு விட்டுவிட்டான். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வண்டியை வேறு ஒருத்தன் தொட அவர் விட்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கினார். போனில் வீடியோ பார்த்துப் படித்தார். முதல் மாதம் தகரத்தில் ஓட்டை போட்டார். இரண்டாவது மாதம் வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு அவரையும் சேர்த்து இழுத்தது. ஒரு நாள் முகமூடி இல்லாமல் சும்மா ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, இரண்டு நாள் கண்ணில் மணல் கொட்டியது போலக் கிடந்தார். மூன்றாவது மாதம் கோடு நேராக வந்தது. அந்த நேர்க்கோடு வந்த அன்றைக்கே தன்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட்டார். அதுதான் வினை.

"முடிஞ்சுதா?" என்றாள் வீட்டுக்காரி.

"முடிஞ்சுது. குனிஞ்சு பாரு, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கு."

அவள் குனியவில்லை. "நேத்து வலது பக்கம் போட்டீங்களே, அது நல்லா பொரிஞ்சுது. இன்னிக்கு இடது பக்கம் சத்தம் சரியில்லங்க."

"என்ன சத்தம்?"

"எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்ட மாதிரி. சுரத்தே இல்ல. வேகல அது."

அவர் சிரித்தார். "இரும்பு வேகலயாம். உப்பு போட்டுக்கலாமா?"

"நான் கேட்டதைச் சொன்னேன். நம்புறதும் நம்பாததும் உங்க பாடு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவள் சத்தத்தைக் கவனித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் முகமூடி ஒன்றுதான். அவர் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் ஏதாவது பற்றிக்கொண்டால் கரண்டை அணைக்க ஓர் ஆள் வேண்டும். சுவிட்ச், வேன் நிற்கிற ஷெட்டின் பின் சுவரில் இருக்கிறது. அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. அதனால் மூன்று மாதமாக அவள் சுவரைப் பார்த்து நின்று, ஒரு கை சுவிட்சில், காலடியில் ஒரு வாளித் தண்ணீரோடு, அவர் வேலையைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு ஒரு பச்சைப் புள்ளியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவளுக்கு அந்தப் புள்ளியும் தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறுத்தியது. சமையலறைக்குள் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் போட்டபடி இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

"மோட்டாரை யார் போட்டது?"

"நீங்கதான். வண்டிக்குக் கீழ போறதுக்கு முன்னாடி நீங்களே வந்து தட்டிவிட்டுட்டுப் போனீங்க."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. மோட்டார் ஓடும்போது இந்த வீட்டில் ஃபேனே சோம்பேறியாகச் சுற்றும். பல்பு மங்கும். அந்த நேரத்தில் வெல்டிங் மெஷினுக்கு எவ்வளவு கரண்ட் போயிருக்கும்? வெள்ளிக்கிழமை வலது பக்கம் வைத்தபோது மோட்டார் ஓடவில்லை. இன்றைக்கு ஓடியிருக்கிறது. எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கிற ஆள், தன் கையால் தட்டிய சுவிட்சை மறந்திருக்கிறார்.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து நேராக ஷெட்டுக்குப் போனார்.

நாளை ஞாயிறு. பத்து மணிக்கு மகள் வந்து வேனை எடுத்துக்கொண்டு போகிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். தன் அறைச் சாமான் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, தனியாக ஓட்டிக்கொண்டு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இடது பிராக்கெட் விட்டால் ஸ்பிரிங் நழுவும். ஸ்பிரிங் நழுவினால் பின் சக்கரம் கோணும். கோணுகிற இடம் சமவெளியாக இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வலது பக்கம் டங் என்றது. இடது பக்கமும் டங் என்றது. வண்டியின் பின்னால் ஏறிக் குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குதித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்து இரண்டு கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வலது பக்கம் மேடும் பள்ளமுமாக, அவசரத்தில் பூசிய சிமென்ட் மாதிரி இருந்தது. இடது பக்கம்தான் வடிவாக, சீராக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய காசு மாதிரி இருந்தது.

அப்போது கேட்டருகே கிரீஸின் குரல்.

"என்ன பெரியவரே, வண்டிக்கு எம்ப்ராய்டரி போடறீங்களாமே."

"உன் வேலையைப் பாரு."

கிரீஸ் கூப்பிடாமலே உள்ளே வந்து குனிந்தான். இடது பக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அட, என் பசங்களுக்கே இப்படி வராது. அழகா இருக்கு."

அவன் போன பிறகு அவர் மறுபடி டார்ச்சை எடுத்தார். கிரீஸ் நல்லா இருக்கிறது என்று சொன்னால் அதில் கண்டிப்பாக ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

சாயங்காலம் மகளின் போன்.

"அப்பா, சாமான் கொஞ்சம் கூடிடுச்சு. என் ரூம் வீட்டுக்காரம்மா அவங்க இரும்பு பீரோவை எடுத்துக்கோன்னு குடுத்துட்டாங்க. வண்டி தாங்குமில்ல?"

"தாங்கும்," என்றார். சொன்ன உடனே நாக்கு கசந்தது. "பீரோ எதுக்கு உனக்கு? துணியை ஆணியில மாட்டிக்க முடியாதா?"

"அப்பா."

"சரி, சரி. வா."

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பெண்பிள்ளை முப்பத்தாறு வருஷமாக அவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டு, தான் சொல்வதை ஒரே தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறவள். இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம்.

உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். உடைத்தபின் அது நல்ல வெல்டிங்காக இருந்துவிட்டால்? இருந்ததையும் கெடுத்துவிட்டு, மறுபடி அதே போல வருமா வராதா என்று நிற்க வேண்டும். உடைக்காமல் விட்டால் மகள் அதன்மேல் உட்கார்ந்து மலை ஏறுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் புரண்டு புரண்டு படுத்து, விடிந்ததும் ஒரு வழி கண்டுபிடித்தார். கிடங்குக்காரனின் வழி. சரக்கைப் பிரிக்க முடியாவிட்டால் சரக்கைப் பார்த்தவனைச் சோதிக்க வேண்டும்.

"எழுந்திரு. சுவர்ல வந்து நில்லு," என்றார் ஆறரை மணிக்கு.

"பல்லாவது விளக்கிக்கறேன்."

பழைய கேட்டிலிருந்து அறுத்த இரும்புப் பட்டைத் துண்டுகளை ஜோடி ஜோடியாக அடுக்கினார். மெஷினில் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழை அவள் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

முதல் ஜோடியை ஒழுங்கான கரண்டில் ஒட்டினார்.

"இது?"

"வெந்துடுச்சு."

இரண்டாவதற்குக் குமிழைப் பாதிக்கு இறக்கினார்.

"இது?"

"வேகல."

மூன்றாவதற்குக் கரண்டை மறுபடி ஏற்றி, ராடை மட்டும் வேண்டுமென்றே தூக்கிப் பிடித்தார்.

"தீ இருக்கு. நீங்கதான் தள்ளி நிக்கிறீங்க. படபடன்னு வெடிக்குது பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கிறாளோ என்று. அவள் மூக்கு சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

நான்காவதற்குக் கரண்டை இறக்கி, கையை மட்டும் நிதானமாக ஓட்டி, நேற்றைய இடது பக்கம் மாதிரியே அடுக்கிய காசு போல ஒரு கோடு போட்டார். பார்க்க அவ்வளவு லட்சணம்.

"இது ரொம்ப மோசம். நேத்து கேட்ட அதே சத்தம்."

ஐந்தாவதை ஒழுங்காக ஆரம்பித்தார். பாதியில் ராடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மீதியை முடித்தார்.

"முதல்ல நல்லா வந்துச்சு. நடுவுல என்னமோ ஆச்சு. அப்புறம் மறுபடி நல்லா வந்துச்சு. இன்னும் எத்தனை இருக்கு? அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"போ."

அவள் சொன்னதை எல்லாம் சாக்பீஸால் துண்டுகளின் மேலேயே எழுதியிருந்தார். ஆறியதும் ஒவ்வொன்றாக வைஸின் இரும்பு வாயில் கவ்வ வைத்து, நெம்புவதற்கு ஒரு நீளக் குழாயை மாட்டி இழுத்தார். முதல் ஜோடி வளைந்தது, விடவில்லை. இரண்டாவது பிஸ்கட் போலப் பட்டென்று விட்டது. மூன்றாவதற்குள் ஓட்டை ஓட்டையாக, புழு தின்ற பழம் மாதிரி. நான்காவது, அந்த லட்சணமான கோடு, ஒரே அடியில் தோல் உரிந்தது போல மொத்தமாகக் கழன்று வைஸுக்குக் கீழே விழுந்தது. ஐந்தாவது நடுவில் மட்டும் விரிந்தது.

ஐந்துக்கு ஐந்து.

சாக்பீஸ் எழுத்தை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் வந்த லாரிகளில் இப்படி ஒரு சுத்தமான கணக்கு வந்ததில்லை. மணி எட்டு.

உளியையும் பெரிய சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். உளியை இடது பிராக்கெட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னும் மனதின் ஒரு மூலையில், அது தாங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. தாங்கினால் அவளைப் பார்த்துச் சிரிக்கலாம். முதல் அடிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது அடிக்கு ஒரு மயிரிழை தெரிந்தது. மூன்றாவது அடியில் பிராக்கெட் சட்டியின் மூடி மாதிரி வாயைத் திறந்தது. வெல்டிங் மொத்தமும் பிராக்கெட்டோடு வந்துவிட்டது. அடிச்சட்டத்தில் கிரைண்டர் தேய்த்த கோடுகள், ஒட்டுவதற்கு முன்னால் அவரே தேய்த்தவை, ஒன்றுகூடக் கலையாமல் பளபளவென்று இருந்தன. உருகவே இல்லை. மேலே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். விருந்தாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பானே, அப்படி.

மூன்று அடி. மலை வளைவில் ஒரு குழி போதும், அதே அடி விழுந்திருக்கும்.

வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரி சத்தம் கேட்டு வந்தாள். கழன்ற பிராக்கெட்டைப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே என்று சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"தண்ணி குடிங்க," என்றாள். "ஃப்ரிட்ஜையும் அணைச்சுடட்டுமா?"

"எல்லாத்தையும் அணை. ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், எல்லாம்."

பிராக்கெட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆயிற்று. கரண்ட் குறையக் கூடாதென்று, சுருட்டி வைத்திருந்த வயரை முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டார். அவள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். இந்தத் தடவை அவர் தானே சொன்னார்.

"நீ கேட்டுக்கிட்டே இரு. வாயை மூடிக்கிட்டு இருக்க வேணாம். என்ன கேக்குதோ சொல்லு."

முகமூடியை இறக்கினார். பச்சைப் புள்ளி எரிந்தது.

"ம்," என்றாள். "ம். நல்லா இருக்கு. தள்ளிப் போறீங்க, கிட்ட வாங்க. ஆ, அதேதான். அவசரப்படாதீங்க. ம். ம்."

அவர் கையை அவள் சொன்னபடி நகர்த்தினார். தீப்பொறி கழுத்துக்குள் விழுந்தது. அசையவில்லை. ஒரு ராடு தீர்ந்தது, அடுத்ததை மாட்டினார். நான்கு பக்கமும் சுற்றி வர வேண்டும். மூன்றாவது பக்கத்தில் கேட் திறக்கிற சத்தம். மகள் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"கண்ணை மூடிக்கோ, இந்தப் பக்கம் பாக்காதே," என்று அம்மா சுவரைப் பார்த்தபடியே கத்தினாள்.

"ஏம்மா தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி சுவரைப் பாத்து நிக்கிறீங்க?"

"பேசாதே. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மகள் புரியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கடைசிப் பக்கம் முடிந்தது. அவர் வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டி எடுத்துவிட்டு வெளியே வந்தார். கோடு மேடும் பள்ளமுமாக, வலது பக்கத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது.

"என்னப்பா, நேத்தே முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பொய் ஒன்று நாக்கில் தயாராகத்தான் இருந்தது. பிராக்கெட்டிலிருந்து செதுக்கி எடுத்த பழைய வெல்டிங் துண்டு காலடியில் கிடந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நேத்து போட்டது இது. மூணு அடியில விட்டுடுச்சு. நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப போட்டது?"

"அதை உங்க அம்மாகிட்ட கேளு."

அந்த வீட்டில் அந்த வாக்கியம் அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வெந்திருக்கு," என்றாள்.

இருந்தாலும் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். இரும்பு நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து, வேன் நிறைய மணல் மூட்டையும் கல்லும் ஏற்றச் சொன்னார். பீரோவின் கனத்தைப் போல இரண்டு மடங்கு. பிறகு வெள்ளை பெயின்ட் எடுத்து, அடிச்சட்டத்திலிருந்து வெல்டிங்கைத் தாண்டி பிராக்கெட் வரைக்கும், பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய கோடு இழுத்தார். கிடங்கில் கதவுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து ஒட்டுகிற சீல் மாதிரி. ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கோடு விட்டுவிடும்.

"நீ ஓட்டு. கிடங்குக்குப் பின்னால குழியா ஒரு ரோடு இருக்கில்ல, அதுல போ. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

இடது சக்கரத்துக்கு மேலே இருந்த இடத்தில் உட்காரப் போனார். வீட்டுக்காரி அவருக்கு முன்னால் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்க நான்," என்றார்.

"நீங்க அந்தப் பக்கம் போங்க."

"சொன்னா கேளு."

"வெந்திருக்குன்னு சொன்னது நீங்களா, நானா?"

அவர் வலது பக்கம் போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு குழிக்கும் அவர் விரல்கள் இருக்கையின் விளிம்பைப் பிடித்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பெரிய குழியில் இறங்கி ஏறும்போது பின்னால் டொம் என்று ஒன்று விழுந்த சத்தம். மகள் பிரேக்கை மிதித்தாள்.

"பின் கதவுக் கொக்கி," என்றாள் வீட்டுக்காரி, கண்ணைத் திறக்காமல். "லூஸா இருக்கு. நீ ஓட்டும்மா."

அவர் ஓட்ட விடவில்லை. இறங்கி, ரோட்டிலேயே படுத்து, அடியில் தலையை விட்டுப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. பின் கதவின் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது.

மணலையும் கல்லையும் இறக்கிய பிறகு, பதினோரு மணிக்கு மகள் தன் அறைக்குப் போய்ச் சாமானை ஏற்றிக்கொள்ளக் கிளம்பினாள். கிளம்பும் முன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான். "அஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்து. இறங்கி வெள்ளைக் கோட்டைப் பாரு. நேரா இருந்தா போ. விட்டிருந்தா ஒரு அடிகூட நகராதே. எனக்கு போன் பண்ணு."

"சரிப்பா."

"சரின்னு சொல்றது பெருசில்ல. பாக்கணும்."

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு அடித்தது.

"அஞ்சாவது வளைவுப்பா. கோடு நேரா இருக்கு."

"படம் எடுத்து அனுப்பு."

"அப்பா, நான் சொல்றேன் இல்ல?"

"அனுப்பு."

படம் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தார். வெள்ளைக் கோடு முழுசாக இருந்தது. ஆனால் பக்கத்தில் சைலென்சர் குழாய் தெரிந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

"இது வலது பக்கம். வலது பக்கத்தை யார் கேட்டா? இடது பக்கம் அனுப்பு."

போனுக்குள் மகள் பெருமூச்சு விடுவது கேட்டது. கார் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அவர் காத்திருந்தார். வீட்டுக்காரி கை துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

இரண்டாவது படம் வந்தது. சைலென்சர் இல்லை. மேடும் பள்ளமுமான வெல்டிங். அதன் குறுக்கே வெள்ளைக் கோடு, ஒரு நூல்கூட விடாமல்.

"சரி," என்றார் போனில். "இன்னும் இருபத்திரண்டு வளைவு இருக்கு. பத்தாவதுல மறுபடி அனுப்பு."

"அப்பா, வண்டி நல்லா ஓடுது."

வீட்டுக்காரி குனிந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"போனை அணைக்காம பக்கத்து சீட்டுல வெச்சுட்டு ஓட்டும்மா," என்றாள். "கொஞ்ச நேரம் நான் கேக்கறேன்."

அவர் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்க்காமல், அவள் ம் சொல்வதற்காகக் காத்திருந்தார்.